முயல் குட்டிகளைக் காக்கப் புழு மருந்து மட்டும் போதுமா?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐப்பசியில் அடைமழை பிடித்துவிட்டால் பள்ளிக்கரணை, மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கத்தில் முயல் வளர்ப்பவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, குட்டிங்க ராத்திரி நல்லாத்தான் புல்லு தின்னுச்சு. விடிஞ்சு பார்த்தா ரெண்டு விறைச்சுக் கெடக்குது. புழு மருந்து குடுத்து பத்து நாள்கூட ஆகல. அப்புறம் ஏன் சாவுது?"

இந்தக் கேள்விக்குத்தான் இன்று விடை சொல்லப்போகிறேன். தாய் முயல் ஆறேழு குட்டி ஈன்று, அதில் நாலு போய்விட்டால் வளர்ப்பவருக்குத் தீவனச் செலவுதான் மிச்சம். வீட்டுப் பிள்ளைகள் பெயர் வைத்துக் கூப்பிட்டு வளர்த்த குட்டியாக இருந்தால் சொல்லவே வேண்டாம், அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிட மாட்டார்கள். ஆனால் இந்தச் சாவுகளில் பெரும்பகுதியைத் தடுத்துவிட முடியும். அதற்கு வேண்டியது விலை உயர்ந்த மருந்தல்ல. ஒரு துடைப்பம், கொஞ்சம் கொதிநீர், நல்ல வெயில், இவ்வளவுதான்.

எது புழு, எது புழு இல்லை?

நாம் 'புழு' என்ற ஒரே சொல்லால் பலவற்றையும் குறிக்கிறோம். குடலில் இருப்பதும் புழு. காயத்தில் ஈ வைப்பதும் புழு. காதுக்குள் சொறி உண்டாக்கும் பூச்சியையும் சிலர் புழு என்றே சொல்கிறார்கள். குட்டி கழிந்து மெலிந்தால் 'புழு விழுந்திருக்கு' என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். தவறு இங்கேதான் தொடங்குகிறது.

முயலுக்குத் தொல்லை கொடுக்கும் ஒட்டுண்ணிகளை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரியான காக்சிடியா. இரண்டாவது, உண்மையான குடற்புழுக்களும் நாடாப்புழுக்களும். மூன்றாவது, சொறி உண்டாக்கும் உண்ணிகள். நான்காவது, ஈ வைக்கும் புழு. இவற்றில் இளங்குட்டிகளை அதிகமாகக் கொல்வது முதலாவதாகச் சொன்ன காக்சிடியா. அது புழுவே அல்ல. ஆகவே குடற்புழு மருந்தை எத்தனை முறை கொடுத்தாலும் அது அசையாது.

முளை கட்டும் நோய் வித்து

கோழி வளர்ப்பவர்களுக்கு இரத்தக் கழிச்சல் தெரிந்திருக்கும். அதே இனத்தைச் சேர்ந்த நோய்தான் முயலுக்கும் வருகிறது. ஆனால் கோழியின் கிருமி முயலைத் தாக்காது. முயலின் கிருமி கோழியைத் தாக்காது. முயலைத் தாக்கும் காக்சிடியாவில் பல வகை உண்டு. பெரும்பாலானவை குடலைத் தாக்கும். ஒரு வகை மட்டும் ஈரலுக்குப் போய்ப் பித்தக் குழாய்களில் தங்கிவிடும்.

1674-ம் ஆண்டிலேயே ஹாலந்து நாட்டில் ஆன்டனி வான் லூவன்ஹாக் என்ற துணி வியாபாரி, தாமே செய்த உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒரு முயலின் பித்தநீரைப் பார்த்து, அதில் முட்டை வடிவத்தில் நுண்ணிய உருக்கள் இருப்பதாக எழுதிவைத்தார். அவர் பார்த்தது இந்த ஈரல் காக்சிடியாவின் வித்துகளாகத்தான் இருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அவ்வளவு பழைய நோய் இது.

நோய் எப்படிப் பரவுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நோய் உள்ள முயலின் புழுக்கையோடு கண்ணுக்குத் தெரியாத வித்துகள் வெளியே வருகின்றன. வெளியே வந்தவுடன் அந்த வித்துக்கு நோய் உண்டாக்கும் சக்தி கிடையாது. ஈரம், வெதுவெதுப்பு, காற்று மூன்றும் கிடைத்தால் ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் அது முதிர்ந்துவிடும். முதிர்ந்த பிறகு ஒரு குட்டியின் வாய்க்குள் போனால்தான் நோய்.

ஒன்று நினைத்துப் பாருங்கள். விதை நெல்லை நாம் என்ன செய்கிறோம்? தண்ணீரில் ஊறவைத்து, சாக்கில் கட்டி, கதகதப்பாக மூடி வைக்கிறோம். இரண்டு நாளில் முளை கட்டிவிடுகிறது. அதே நெல்லைக் காயப்போட்டுப் பத்தாயத்தில் வைத்தால் முளைக்குமா? முளைக்காது. நோய் வித்தின் கதையும் இதேதான். கூண்டுத் தரை ஈரமாக இருந்து, புழுக்கை இரண்டு மூன்று நாள் அள்ளாமல் கிடந்தால், நாமே அதற்கு முளை கட்டிக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். தினமும் அள்ளி, தரையைக் காய விட்டால் அது முதிர வழியே இல்லை.

"முயல் தன் மலத்தையே தின்னுதே, அதனாலதான் நோய் வருதா?" என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. முயல் இரண்டு விதமாகக் கழிக்கிறது. ஒன்று, நாம் கூண்டில் பார்க்கும் காய்ந்த புழுக்கை. மற்றொன்று, மெத்தென்று, பளபளப்பாக, சிறு திராட்சைக் கொத்துப் போல் இருக்கும். அதை முயல் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் ஆசனவாயிலிருந்தே நேராக எடுத்து விழுங்கிவிடும். இது மாடு அசை போடுவதைப் போன்ற இயற்கையான செயல். அதில் உயிர்ச்சத்தும் புரதமும் இருக்கின்றன. வெளியே விழுந்து முதிர நேரமே இல்லாததால் அதில் நோய் வித்து இருந்தாலும் கெடுதல் இல்லை. இந்தப் பழக்கத்தைத் தடுக்க வேண்டாம். தரையில் கிடந்து ஊறிய பழைய புழுக்கையும், அது ஒட்டிய புல்லும், அது விழுந்த தண்ணீரும்தான் எதிரி.

குட்டிகள் மட்டும் ஏன் சாகின்றன?

வளர்ந்த முயல் ஒருமுறை நோய் கண்டு தப்பிவிட்டால் அதற்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். ஆனால் அதன் புழுக்கையில் வித்து வந்துகொண்டேயிருக்கலாம். தாய் முயல் நன்றாக இருக்கிறதே, கூண்டில் நோய் எப்படி வரும் என்று எண்ணக் கூடாது.

குட்டி பிறந்து முதல் மூன்று வாரம் பாலை நம்பியே இருக்கும். அதன்பின் கூட்டை விட்டு இறங்கி, கண்டதையும் கொறிக்க ஆரம்பிக்கும். அப்போதுதான் தரையில் கிடக்கும் வித்து வயிற்றுக்குள் போகிறது. ஒரு மாதத்திலிருந்து மூன்று நான்கு மாதம் வரை உள்ள குட்டிகளுக்கு ஆபத்து அதிகம். பால் மறக்கும் நேரம், கூண்டு மாற்றும் நேரம், வெளியூர் கொண்டுபோகும் நேரம் இவற்றில் நோய் முற்றிவிடும்.

அறிகுறிகளைச் சொல்கிறேன். குட்டி மூலையில் குந்திக்கொண்டிருக்கும். ரோமம் சிலிர்த்துப் பளபளப்பின்றி இருக்கும். புழுக்கை உருண்டையாக இல்லாமல் கூழாகவோ தண்ணீராகவோ சளியோடோ போகும். சில சமயம் இரத்தமும் தெரியும். முதுகெலும்பு தடவினால் கையில் தட்டும், வயிறு மட்டும் பானை போல் உப்பியிருக்கும். சில குட்டிகள் அறிகுறி எதுவும் காட்டாமலே ஓரிரவில் இறந்துவிடும். இறைச்சிக்கு அறுக்கும்போது ஈரல் பெருத்து, அதன்மேல் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ திட்டுத் திட்டாக முடிச்சுகள் தெரிந்தால், மந்தையில் ஈரல் காக்சிடியா இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம் பகுதிக்கு ஏன் கூடுதல் கவனம்?

முயல் மலைப்பகுதிக் குளிரை விரும்பும் பிராணி. நீலகிரியில் சாண்டிநல்லாவிலும், கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்களில் முயல் வளர்ப்பில் பல ஆண்டு அனுபவம் உண்டு. நம் பகுதியோ தாழ்ந்த பூமி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுற்றுவட்டாரத்து ஏரி நீரெல்லாம் வந்து தங்கும் இடம். 2022-ம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்து உலகப் புகழ் பெற்றது. பறவைக்கும் மீனுக்கும் அந்த ஈரம் உயிர். முயல் கூண்டுக்கு அதே ஈரம் எமன்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்தப் பக்கத்தில் வெள்ளம் எவ்வளவு நாள் நின்றது என்பது உங்களுக்கே தெரியும். வெள்ளம் வராத வருஷத்திலும் ஐப்பசி, கார்த்திகையில் தரை ஓதம் ஏறிச் சுவர் வியர்க்கிறது. அந்தக் காலத்தில் தரையில் வைத்த கூண்டில் குட்டி பிழைப்பது கஷ்டம்.

கூண்டு எப்படி இருக்க வேண்டும்?

முதலில், கூண்டை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். அடித்தளம் வலைக்கம்பியாக இருக்கட்டும். புழுக்கை கீழே விழவேண்டும். குட்டியின் கால் மாட்டக் கூடாது. அந்த அளவுக்குக் கண் உள்ள வலையாகப் பார்த்து வாங்குங்கள். கம்பியிலேயே எப்போதும் நின்றால் பாதத்தில் புண் வரும். ஆகவே ஒரு மூலையில் உட்கார ஒரு சிறு பலகை போடுங்கள். அந்தப் பலகையைத் தினமும் எடுத்துத் தேய்த்துக் காயவைக்க வேண்டும். அதை மறந்தால் வலை போட்ட பயன் போய்விடும்.

இரண்டாவது, புல்லைத் தரையில் போடாதீர்கள். கூண்டின் பக்கவாட்டில் கம்பிக் கூடை வைத்து அதில் செருகுங்கள், அல்லது கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் விழுந்து மூத்திரத்தில் நனைந்த புல்லைத் திரும்ப எடுத்துப் போடவே கூடாது.

மூன்றாவது, தண்ணீர். கிண்ணத்தில் வைத்தால் முயல் அதில் காலை வைக்கும், கழித்தும் வைக்கும், கவிழ்த்தும் விடும். கவிழ்ந்த தண்ணீர் முளை கட்டும் ஈரமாகிவிடும். தலைகீழாக மாட்டும் குழாய்ப் புட்டி நல்லது. அது கிடைக்காவிட்டால் கனமான மண் சட்டியைக் கூண்டில் கட்டிவைத்து, காலை மாலை கழுவுங்கள்.

நான்காவது, கூண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறவர்கள் நடுவில் சாய்வாக ஒரு தகடு வைக்க வேண்டும். மேல் கூண்டுப் புழுக்கை கீழ்க் கூண்டில் விழுந்தால் நோயைப் பங்கு போட்டுக் கொடுத்த மாதிரி.

ஐந்தாவது, சுத்தம் செய்யும் முறை. பினாயிலோ பிளீச்சிங் பவுடரோ கரைத்துத் தெளித்தால் வாசனை போகும், மற்ற கிருமிகளும் ஓரளவு சாகும். காக்சிடியா வித்தின் ஓடு கடினமானது. அதற்கு இவை போதாது. அதைக் கொல்வது சூடும் உலர்ச்சியும்தான். வாரம் ஒருமுறை முயல்களை வேறிடத்தில் விட்டுவிட்டு, முதலில் ஒட்டியிருக்கும் கழிவைச் சுரண்டி எடுங்கள். பிறகு நன்றாகக் கொதிக்கும் நீரைக் கூண்டு முழுவதும் ஊற்றி, முழு வெயிலில் காயவையுங்கள். இரும்புக் கூண்டாக இருந்தால் தீச்சுடர் காட்டும் ஊதுவிளக்கால் கம்பிகளை வாட்டலாம். அப்போது பக்கத்தில் வைக்கோலோ கூரையோ இருக்கக் கூடாது.

குட்டி ஈனும் பெட்டியை ஒவ்வொரு ஈற்றுக்குப் பிறகும் காலி செய்து, பழைய வைக்கோலையும் ரோமத்தையும் எரித்துவிட்டு, கொதிநீர் ஊற்றி, இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்த பிறகே அடுத்த ஈற்றுக்குக் கொடுக்க வேண்டும். பால் மறக்கும் குட்டிகளைத் தாயின் பழைய கூண்டிலேயே விட்டுவிடாமல், கழுவிக் காயவைத்த வேறு கூண்டுக்கு மாற்றுங்கள்.

அள்ளிய புழுக்கை அருமையான எரு. அதைக் கூண்டுக்குத் தள்ளிக் குழியில் போட்டு மூடி மக்கவிடுங்கள். பசுமையான புழுக்கையை, முயலுக்கு அறுக்கும் தீவனப் பயிருக்கே போட்டுவிட்டால் நோய் சுற்றிச் சுற்றி வரும்.

காக்சிடியாவுக்கு மருந்து

நோய் கண்டுவிட்டால் மருந்து இல்லாமல் இல்லை. சல்பா வகை மருந்துகளையும், ஆம்ப்ரோலியம், டால்ட்ராசூரில் போன்றவற்றையும் மருத்துவர்கள் குடிநீரிலோ வாய்வழியாகவோ கொடுக்கச் சொல்கிறார்கள். ஈற்று நெருங்கும் சமயத்திலும் மழைக்காலத்திலும் தடுப்பாகக் கொடுப்பதும் உண்டு. எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதைக் கால்நடை மருத்துவர் முயலின் எடையையும் வயதையும் பார்த்துச் சொல்ல வேண்டும். பாதியில் நிறுத்தாதீர்கள். மருந்து கொடுக்கிற நாள்களில் கூண்டு தினமும் சுத்தமாக வேண்டும். இல்லையென்றால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். உள்ளே மருந்து கொல்லும், வெளியே தரையிலிருந்து புதிதாக ஏறிக்கொண்டேயிருக்கும்.

உண்மையான புழுக்கள்

இப்போது நிஜமான புழுக்களுக்கு வருவோம். சில சமயம் புழுக்கையின்மேல் நூல் துண்டு போல வெள்ளையாக, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளத்தில் புழு நெளிவதைப் பார்க்கலாம். இது முயலுக்கே உரிய ஊசிப்புழு. பார்த்ததும் பயந்துவிட வேண்டாம். இது பெருங்கெடுதல் செய்வது அபூர்வம். மனிதருக்கும் தொற்றாது. அளவு மீறினால் குட்டிகள் மெலியும், ஆசனவாயில் அரிப்பு வரும். பென்பெண்டசோல் போன்ற மருந்துக்கு இது கட்டுப்படும்.

இரண்டாவது, நாயால் வரும் நாடாப்புழு. நாயின் குடலில் இருக்கும் ஒரு நாடாப்புழுவின் முட்டை, நாய் மலத்தோடு புல்லில் விழுகிறது. அந்தப் புல்லை முயல் தின்றால், அதன் ஈரலிலும் வயிற்றுச் சவ்விலும் பட்டாணி அளவில் நீர்க்கொப்புளங்கள் உண்டாகின்றன. முயலை அறுத்து, குடலையும் சவ்வையும் நாய்க்கு வீசினால் அந்தக் கொப்புளம் நாய் வயிற்றில் மறுபடி நாடாப்புழுவாகும். நாயிலிருந்து புல், புல்லிலிருந்து முயல், முயலிலிருந்து நாய் என்று இது ஒரு வட்டம். இதை அறுக்க மூன்று வழி. தெருநாய் நடமாடும் காலி மனையிலும் குப்பை மேட்டு ஓரத்திலும் புல் அறுக்காதீர்கள். வீட்டு நாய்க்கு மருத்துவர் சொல்படி நாடாப்புழு மருந்து கொடுங்கள். முயல் குடலைப் பச்சையாக நாய்க்குப் போடாமல் ஆழமாகப் புதையுங்கள். இந்தக் கொப்புளம் இறைச்சி தின்னும் மனிதருக்கு ஒட்டாது. ஆனால் அந்த உறுப்பை ஒதுக்கிவிடுவது நல்லது.

மூன்றாவது, ஈரல் தட்டைப்புழு. ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நீர்நிலை நத்தைகளில் வளர்ந்து, ஈரப் புல்லின் தண்டில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். முயலையும் இது விட்டுவைப்பதில்லை. ஏரி ஓரம், வாய்க்கால் ஓரம், சாக்கடை கலக்கும் பள்ளங்களில் அறுத்த பச்சைப் புல் முயலுக்கு வேண்டாம். சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி காப்புக்காடு. அங்கே போய் அறுப்பது சட்டப்படியும் கூடாது. வீட்டுக் கொல்லையிலோ மாடித் தொட்டியிலோ வேலிமசால், அகத்தி, கல்யாணமுருங்கை வைத்துக்கொள்ளுங்கள். வெளியே அறுத்தால் நல்ல தண்ணீரில் அலசி, சில மணி நேரம் நிழலில் வாடவிட்டுப் போடுங்கள்.

"அப்படின்னா மாசாமாசம் புழு மருந்து குடுக்கணுமா?" என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். வலைத் தரைக் கூண்டில், அலசிய தீவனம் தின்று, கொழுகொழுவென்று இருக்கும் முயலுக்குக் காலண்டர் பார்த்து மருந்து ஊற்றுவது வீண். புழுக்கையைப் பரிசோதித்து, இருப்பது எது என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

காதிலும் மூக்கிலும் சொறி

நம் நாட்டில் முயல் வளர்ப்பவர்கள் அதிகம் பார்க்கும் தோல் நோய் சொறி. இரண்டு விதமாக வரும். ஒன்று காதுச் சொறி. முயல் தலையை உதறும், பின்னங்காலால் காதைச் சொறியும். காதுக்குள் பழுப்பு நிறத்தில் அப்பளம் அப்பளமாகப் பொருக்கு தட்டியிருக்கும். மற்றொன்று தோல் சொறி. மூக்கு நுனி, உதடு, கண் ஓரம், கால் விரல்களில் வெள்ளையாகச் சாம்பல் பூத்தது போல் தொடங்கி, ரோமம் உதிர்ந்து தடித்துப்போகும். வாயைத் திறந்து தின்னக்கூட முடியாமல் முயல் மெலிந்து இறந்துவிடும். இந்தத் தோல் சொறி தூக்கிக் கொஞ்சுகிறவர்களுக்கும் கையில் அரிப்பு உண்டாக்கும். பிள்ளைகளை அந்த முயலைத் தொடவிடக் கூடாது.

இதற்கு ஐவர்மெக்டின் நல்ல மருந்து. ஜப்பான் நாட்டு மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்தது. இதற்காக 2015-ல் சதோஷி ஓமுரா, வில்லியம் கேம்பல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அளவில்தான் உயிர் இருக்கிறது. மாட்டுக்குப் போடும் ஊசி மருந்தில் 50 கிலோ எடைக்கு ஒரு மில்லி என்பது வழக்கமான அளவு. 2 கிலோ முயலுக்கு அந்தக் கணக்கில் ஒரு மில்லியில் 25-ல் ஒரு பங்கு. கண் மதிப்பில் இதை எடுக்கவே முடியாது. கால்நடை மருத்துவர் கையால்தான் போடவேண்டும். இந்த மருந்து உண்ணியின் முட்டையைக் கொல்லாது. ஆகவே 10 நாளிலிருந்து 14 நாளுக்குள் மறுபடி போடச் சொல்வார்கள். ஒரே ஊசியில் பார்க்க நன்றாகிவிட்டதே என்று நிறுத்தினால் முட்டை பொரித்து மறுபடி வரும்.

காதுப் பொருக்கைப் பிய்க்காதீர்கள். வலியும் இரத்தமும்தான் மிஞ்சும். மருந்து பிடித்தால் தானே உதிரும். ஊறுவதற்கு இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடலாம். ஒரு முயலுக்கு வந்தால் அந்தக் கூண்டில் இருந்த எல்லாவற்றையும் காட்டுங்கள். கூண்டையும் பெட்டியையும் கொதிநீரும் வெயிலும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். காதுச் சொறி உண்ணி முயல் உடம்பில் இல்லாமலும் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கக் கூடியது.

ஈ வைக்கும் புழு

கழிச்சலால் பின்பக்கம் நனைந்த முயலின்மேல் ஈ முட்டையிடும். ஒரு நாளுக்குள் புழுவாகித் தோலைக் குடைந்துவிடும். தினமும் ஒருமுறை முயலைத் தூக்கி வாலடியைப் பாருங்கள். நனைந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் கழுவி நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். புழு தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். நாளை பார்க்கலாம் என்றால் முயல் இருக்காது.

செய்யவே கூடாதவை

நல்லெண்ணத்தில் செய்து முயலைக் கொன்றுவிடும் காரியங்கள் சில உண்டு. நாய்க்கு உண்ணி போகத் தெளிக்கும் பிப்ரோனில் மருந்து முயலுக்கு விஷம். தொடவே கூடாது. மண்ணெண்ணெய், வண்டி எண்ணெய் இவற்றைச் சொறிமேல் பூசாதீர்கள், முயல் நக்கிவிடும். மாட்டுக்கு வாங்கிவைத்த ஆல்பெண்டசோல் மருந்தைச் சினை முயலுக்குக் கொடுக்காதீர்கள். அது கருவைப் பாதிக்கும். அளவு மீறினால் மற்ற முயல்களுக்கும் கெடுதல். கழிச்சலை நிறுத்துவதற்காக மனிதருக்கு வாங்கிய அமாக்சிசிலின் போன்ற மாத்திரையை வாயில் போட்டால், குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர் அழிந்து முயல் இறந்துவிடும். மருந்து கலந்த கறிக்கோழித் தீவனமும் வேண்டாம். கோழிக்குப் போடும் சில காக்சிடியா மருந்துகள் முயலுக்கு நஞ்சு.

புது முயல் வாங்கும்போது

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ வேறெங்கோ முயல் வாங்கினால், காதைப் புரட்டிப் பாருங்கள், மூக்கையும் கால் விரலையும் பாருங்கள், வாலடி உலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல வீட்டு முயல்கள் ஓரிடத்தில் சேரும்போது எந்த ஒட்டுண்ணியும் மாறி ஏறிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் மூன்று வாரம் தனிக் கூண்டில், தனிப் பாத்திரத்தில் வையுங்கள். தீவனம் போடும்போது பழைய முயல்களுக்கு முதலில், புதிதுக்குக் கடைசியில். காட்டில் பிடித்த காட்டு முயலைக் கொண்டுவந்து சேர்க்கவே கூடாது. அது வேறு பிராணி. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

புழுக்கைப் பரிசோதனை

காலையில் விழுந்த புதுப் புழுக்கை பத்துப் பதினைந்தை எடுத்து, சுத்தமான சிறு டப்பாவில் போட்டு, கூண்டு எண், முயலின் வயது எழுதி, அன்றே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கொடுங்கள். அதைக் கெட்டியான உப்புக் கரைசலில் கரைப்பார்கள். வித்தும் முட்டையும் மேலே மிதந்து வரும். உருப்பெருக்கியில் பார்த்தால் காக்சிடியாவா குடற்புழுவா என்று தெரிந்துவிடும். குட்டி இறந்துவிட்டால் புதைக்க அவசரப்படாதீர்கள். பாலிதீன் பையில் சுற்றி, ஐஸ் வைத்து எடுத்துப்போனால் சவப் பரிசோதனையில் உண்மை தெரியும். 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்திலும் வழிகாட்டுதல் பெறலாம். இறந்த ஒன்று சொல்லும் சேதி, இருக்கிற பத்தைக் காப்பாற்றும்.

நினைவில் வைக்க

தினமும்: புழுக்கையை அள்ளுதல், பலகையைத் தேய்த்துக் காயவைத்தல், தண்ணீர்ப் பாத்திரம் கழுவுதல், குட்டிகளின் வாலடி பார்த்தல்.

வாரம் ஒருமுறை: கொதிநீர், வெயில். காதையும் கால் விரலையும் பார்த்தல். குட்டிகளை எடை போட்டு எழுதிவைத்தல். எடை ஏறாத குட்டியே முதல் எச்சரிக்கை.

ஒவ்வொரு ஈற்றுக்கும் பிறகு: பெட்டியைக் காலி செய்து காயவைத்தல்.

புரட்டாசியில்: மழைக்கு முன்பே கூரை ஒழுகலை அடைத்தல், கூண்டை உயர்த்துதல், புழுக்கைப் பரிசோதனை செய்து மருத்துவரிடம் தடுப்பு மருந்து பற்றிக் கேட்டல். அடைமழையில் வெயில் கிடைக்காது. ஆகவே மாற்றுப் பலகைகளும் உலர்ந்த வைக்கோலும் முன்கூட்டியே சேர்த்துவைத்தல்.

முயலைத் தொட்ட பிறகு பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும் பெருமக்களே, மருந்துக் கடைக்குப் போகுமுன் ஒருமுறை கூண்டின் அடியில் கையை வைத்துப் பாருங்கள். கையில் ஈரம் பட்டால் முதலில் துடைப்பத்தை எடுங்கள். தரை காய்ந்திருந்தும் குட்டி சோர்ந்தால், அந்த நிமிஷமே மருத்துவரிடம் போங்கள். இந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் வருகிற மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக் குட்டிகள் தாயோடு சேர்ந்து துள்ளி விளையாடும்.